கொன்றைவயல் பிள்ளைகளுக்கு ஆடத் தெரியாது

அனுப்புநர்
அ. மெர்சி (வயது 36),
க/பெ. அந்தோணி பிரபு,
தலைவர், பள்ளி மேலாண்மைக் குழு,
ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி,
கொன்றைவயல், சாக்கோட்டை ஒன்றியம்,
சிவகங்கை மாவட்டம்.

பெறுநர்
உயர்திரு திட்ட அலுவலர் அவர்கள்,
ஊர்தங்கி நடனக் கல்வித் திட்டம்,
சிவகங்கை.

பொருள்: எங்கள் பள்ளிக்கு நடன ஆசிரியர் தேவையில்லை என முடிவானது – அம்முடிவுக்கு நாங்களே காரணம் – எங்கள் பிள்ளைகளுக்கு ஆடத் தெரியாது என ஒப்புக்கொள்வது – மறு மதிப்பீடு கோருவது – தொடர்பாக.

பார்வை: 1. தங்கள் அலுவலகக் கடிதம், நாள் 11.08.2025.
2. அதே நாளிட்டு என் மகள் பெயருக்கு வந்த பதிவுத் தபால்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. வணக்கம். பொதுவாக மனு என்றால் அடுத்தவர் மேல் கொடுப்பார்கள். இது எங்கள் மேல் நாங்களே கொடுப்பது. படிக்கும்போது தங்களுக்குக் குழப்பம் வரக்கூடாது என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் கொன்றைவயலில் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் துணி தைத்துக் கொடுக்கிறேன். இதற்கு முன் வாழ்நாளில் ஒரே ஒரு மனு கொடுத்திருக்கிறேன், தெருவிளக்கு வேண்டி. அந்த விளக்கு இன்றுவரை எரிகிறது. அந்தத் தைரியத்தில் இதையும் எழுதுகிறேன்.

2. எங்கள் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வகுப்பு வரை முப்பத்தெட்டுப் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். ஆட்டத்துக்கென்று தனியாக யாரும் கிடையாது. ஆண்டு விழாவில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, கைப்பேசியில் பாட்டுப் போட்டு, கையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசச் சொல்வோம். அதிலும் முன்வரிசை ஒரு பக்கம் வீசும்போது பின்வரிசை மறுபக்கம் வீசும். காரைக்குடியில் நடன வகுப்பு நடக்கிறது. வகுப்பு மாலை ஐந்து மணிக்கு. எங்கள் ஊரிலிருந்து பேருந்து ஐந்தரைக்கு. திரும்பி வரப் பேருந்தே இல்லை. ஆகவே இன்றைய தேதி வரை இந்த ஊரில் ஒரு பிள்ளையும் முறையாக ஆடக் கற்றதில்லை. இப்படிப்பட்ட பள்ளிகளுக்கு ஒரு நடன ஆசிரியரை அனுப்பி, பத்து வாரம் அந்த ஊரிலேயே தங்கவைத்து, பள்ளி நேரத்திலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் கற்றுத்தருவதுதான் தங்கள் திட்டம் என்று சுற்றறிக்கையில் படித்தபோது, எங்கள் ஊரைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினீர்களோ என்று நினைத்தேன்.

3. அத்திட்டத்தின் முன்னோட்டமாக 04.07.2025 அன்று நடன ஆசிரியை செல்வி மஹாலட்சுமி ஒரு நாள் வந்தார். எங்கள் பள்ளி முற்றத்தில் வேப்பமரத்து வேர்கள் தரைக்கு மேலே முட்டியளவு எழும்பி நிற்கும். அந்த வேர்களுக்கு இடையிலே இடம் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகளை நிறுத்தி, முட்டியை மடக்கி அரைமண்டியில் இருக்கவும், தட்டடவில் முதல் அடியைத் தட்டவும் சொல்லிக்கொடுத்தார். வலது கால், இடது கால், தெய்யா தெய். ஒரே ஓர் அடி, அவ்வளவுதான். புறப்படும்போது, "நான் திரும்பி வர்ற வரைக்கும் இதை மட்டும் விடாமத் தட்டுங்க, கண்ணுகளா" என்று சொல்லிவிட்டுப் போனார். சலங்கை செய்யக் கொடுக்க வேண்டும், கணுக்கால் அளவு எடுத்து வையுங்கள் என்று என்னிடம் கேட்டுக்கொண்டார். அதன்படி தையல் நூலைப் பிள்ளை பிள்ளையாகக் காலில் சுற்றி, வெட்டி, ஒவ்வொன்றிலும் பெயர்ச்சீட்டுக் கட்டினேன். பையன்களும் கூச்சமில்லாமல் காலை நீட்டினார்கள். இந்த மனுவோடு இணைக்கும் வரை முப்பத்தெட்டு நூலும் தலைமையாசிரியர் அறையில் ஆணியில் தொங்கின.

4. ஐயா, அந்த அம்மா அதைப் பேச்சுக்குச் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. பிள்ளைகள் சட்டமாக எடுத்துக்கொண்டார்கள். நியாயவிலைக் கடை வரிசையில் தட்டினார்கள். பேருந்து நிறுத்தத்தில் தட்டினார்கள். மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் ஊசி போட்டுக்கொள்ளும்போதும் தட்டினான் என்று செவிலியர் என்னிடம் புகார் சொன்னார். இதில் முதல் ஆள் என் மகள் ஆஷ்லின், ஐந்தாம் வகுப்பு. அவள் கிறிஸ்துமஸ் நாடகத்தில் நான்கு ஆண்டுகளாக வானதூதர். வானதூதருக்கு வேலை ஓரிடத்தில் நிற்பது. அசைந்தால் அட்டைச் சிறகு கழன்றுவிடும். நிற்கவே பழகிய அந்தப் பிள்ளை, அன்றிலிருந்து ஓரிடத்தில் நிற்கவில்லை. நான் தையல் இயந்திரத்தை மிதித்தால் அந்தத் தாளத்துக்குத் தட்டுவாள். நூல் கோக்க நான் நிறுத்தினால், "ஏம்மா நிப்பாட்டுற, நான் பாதியில நிக்கிறேன்ல" என்று கோபித்துக்கொண்டு, நான் மறுபடி மிதிக்கும் வரை அரைமண்டியிலேயே காத்திருப்பாள். ஞாயிறு திருப்பலியில் காணிக்கைப் பாடலுக்குத் தட்டியதற்காகப் பங்குத்தந்தை பீடத்திலிருந்தே இருமினார். இவளுக்கு வேண்டியது பத்து வாரம். அதைத்தான் நாங்கள் கெடுத்தோம்.

5. கெடுத்த விவரம் வருமாறு. ஆசிரியரை உறுதியாக ஒதுக்கும் முன், 24.07.2025 வியாழக்கிழமை மதிப்பீட்டு அலுவலர் ஒருவர் நேரில் வந்து பள்ளியின் தேவையை அறிவார் என்று கடிதம் வந்தது. எங்கள் பக்கத்துப் பழக்கம் தாங்கள் அறியாததல்ல. வீட்டுக்கு வந்தவரிடம் இல்லை என்ற சொல் எங்களுக்கு வாயில் வராது. வீட்டில் அரிசி இல்லையென்றால் கொல்லைப்பக்கமாகப் போய்ப் பக்கத்து வீட்டில் வாங்கி உலையில் போட்டுவிட்டு, வாசலுக்கு வந்து சிரிப்போம். அப்படிப்பட்ட ஊருக்கு, உங்களிடம் என்னென்ன இல்லை என்று பார்க்க ஓர் அலுவலர் வருகிறார் என்றால் என்ன நடக்கும் என்பதைத் தங்கள் அலுவலகமும் சற்று யோசித்திருக்கலாம். குறையாகச் சொல்லவில்லை.

6. ஊர்க்கூட்டம் போட்டோம். தலைமையாசிரியர் திரு. கார்த்திகேய சிவம், "நம்மகிட்ட இல்லாததைப் பார்க்கத்தான் வர்றாங்க, இருக்கிறபடியே காட்டிருவோம்" என்றார். அவர் சொன்னதே சரி. ஆனால் பள்ளிக்கு அடுத்திருக்கும் பெரிய வீட்டைப் பார்த்துக்கொள்ளும் திரு. பெத்தாச்சி எழுந்தார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்று ஊருக்கே திரும்பியவர். பள்ளிக்கு மின்விசிறி, தண்ணீர்த் தொட்டி எல்லாம் அவர் கொடுத்தவை. தங்கமான மனிதர், இந்த விஷயத்தில் அதுதான் தொல்லையாகப் போயிற்று. "என்ன சார் பேசுறீக? பொண்ணு பாக்க வர்றவுகளுக்கு ஒழுகுற கூரையையா காட்டுவீக? நாளைக்கு ஒன்றியம் பூரா நம்ம ஊரைப் பத்தி என்ன பேசுவாக?" என்று கேட்டார். கூட்டம் முழுவதும் தலையை ஆட்டியது. பள்ளி மேலாண்மைக் குழுத் தலைவர் என்ற முறையில் முதலில் ஆட்டியது நான்தான்.

7. அதன்பின் நடந்தவை எனக்கே இப்போது நம்ப முடியவில்லை. பெத்தாச்சி அண்ணன் காரைக்குடியிலிருந்து தம் உறவுக்காரப் பெண்பிள்ளைகள் ஆறு பேரை வரவழைத்தார். ஆறு பேரும் அங்கே பல ஆண்டுகளாக நடனம் கற்கிறவர்கள். அவர்களுக்கு எங்கள் பள்ளிச் சீருடையை மூன்றே நாளில் நான் தைத்துக் கொடுத்தேன். தையலில் ஒரு குறை சொல்ல முடியாது, அவ்வளவு கச்சிதம். எழுதவே வெட்கமாக இருக்கிறது. வருகைப் பதிவேட்டோடு ஒத்துப்போக வேண்டும் என்று ஆறு பேருக்கும் எங்கள் பிள்ளைகளின் பெயர்களைக் கொடுத்தோம். அவர்களில் நன்றாக ஆடுகிற பெண் சிவரஞ்சனி. படிப்பது எட்டாம் வகுப்பு; ஐந்தாம் வகுப்பு என்று சொல்லச் சொன்னோம். அந்தப் பெண்ணுக்கு ஆஷ்லின் என்று பெயர் கொடுக்கலாம், தலைவர் மகள் பெயர்தானே பொருத்தம் என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்கும் பெருமையாக இருந்தது. என் மகளைக் கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

8. 24.07.2025 அன்று தங்கள் அலுவலர் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட தாளுடன் வந்தார். மரியாதையான மனிதர். அவரைப் பள்ளிக்குள்ளேயே விடவில்லை. நேரே பெரிய வீட்டின் நடுக்கூடமான வளவுக்கு அழைத்துப்போய், இதுதான் பள்ளியின் பயிற்சிக்கூடம் என்றோம். தேக்குத் தூண்களையும் கண்ணாடி போன்ற தரையையும் பார்த்துவிட்டு அவர் வாசலிலேயே காலணியைக் கழற்றினார். ஆடுவதற்குச் சமமான தரை உண்டா என்ற கேள்விக்கு, "நல்லாப் பாத்துக்கங்கய்யா, வழுக்காம வாங்க" என்று பெத்தாச்சி அண்ணன் பதில் சொன்னார். இசைக்கருவி உண்டா என்ற கேள்விக்குக் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு வீணையை எடுத்து வைத்தோம். அதில் ஒரு தந்திகூட இல்லை. அலுவலர் தொட்டுப் பார்க்காதது எங்கள் நல்ல நேரம் என்று அன்று நினைத்தேன். மதியம் இலை போட்டு வெள்ளைப் பணியாரம், கந்தரப்பம், மசாலைச் சீயம், கவுனி அரிசி என்று பரிமாறினோம். பிள்ளைகளுக்கும் சத்துணவில் இதெல்லாம் உண்டா என்று அலுவலர் வியப்போடு கேட்டார். சத்துணவு சமையலர் அம்மாக்கண்ணு அக்கா கரண்டியோடு என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். பெத்தாச்சி அண்ணன்தான், "வியாழக்கிழமை மட்டுந்தாங்கய்யா" என்று சமாளித்தார். தலைமையாசிரியர் மூன்று முறை வாயைத் திறந்தார். மூன்று முறையும் அவர் இலையில் ஒரு பணியாரம் விழுந்தது. ஆகவே இதில் அவர் மேல் எந்த நடவடிக்கையும் எடுக்க வேண்டாம் என்று இந்த இடத்திலேயே கேட்டுக்கொள்கிறேன்.

9. எங்கள் சொந்தப் பிள்ளைகள் முப்பத்தெட்டுப் பேரும் அப்போது எங்கே என்று தாங்கள் கேட்பீர்கள். மற்ற மாணவர்கள் பிள்ளையார்பட்டிக்குச் சுற்றுலா போயிருப்பதாக அலுவலரிடம் சொன்னோம். உண்மையில் அவர்கள் அதே வீட்டின் பின்பகுதியான இரண்டாம் கட்டில், சாத்திய கதவுக்குப் பின்னால், ஒரு தகரம் முறுக்கோடு உட்காரவைக்கப்பட்டிருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் அம்மாக்கண்ணு அக்காவும் உள்ளே போய்க் காவல் இருந்தார். மூச்சு விடும் சத்தம்கூட வெளியே வரக்கூடாது என்பது உத்தரவு. முறுக்குத் தின்னும் சத்தம் பற்றி யாரும் யோசிக்கவில்லை; நல்லவேளையாக அது கேட்கவில்லை.

10. வளவில் ஆறு பெண்களும் ஆடத் தொடங்கினார்கள். ஒலிபெருக்கியில் முதல் சொல்லே "தெய்யா தெய்" என்று வந்தது. ஐயா, எங்கள் பிள்ளைகளுக்கு இந்த உலகத்தில் தெரிந்த ஒரே நடனச் சொல் அது. மஹாலட்சுமி அம்மாதான் வந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டார்களோ என்னவோ, கதவுக்குப் பின்னால் முப்பத்தெட்டுப் பேரும் எழுந்து ஒரே மூச்சில் தட்ட ஆரம்பித்தார்கள். அம்மாக்கண்ணு அக்கா வாயில் விரல் வைத்துக் காட்டினாராம். அபிநயம் சொல்லித்தருகிறார் என்று சின்னப் பிள்ளைகள் அதையும் செய்துகொண்டே தட்டினவாம். பரணில் இருந்த செம்புப் பாத்திரங்கள் குலுங்கின. ஒரு குத்துவிளக்கு நகர்ந்து வந்ததை நானே பார்த்தேன். அலுவலர் திடுக்கிட்டு, "என்ன சத்தம் அது?" என்று கேட்டார். பெத்தாச்சி அண்ணன் கண்ணிமைக்காமல், "உள்ள நெல்லுக் குத்துறாகய்யா" என்றார். "இத்தனை பேரா?" என்று கேட்டதற்கு, "ஊருக்கே இங்கதாங்கய்யா" என்றார். அலுவலர் தலையசைத்துத் தாளில் எழுதிக்கொண்டார். பாரம்பரிய முறையில் நெல் குத்தும் பழக்கம் இக்கிராமத்தில் இன்றும் கூட்டாகப் பேணப்படுகிறது என்பது தங்கள் கடிதத்தோடு வந்த மதிப்பீட்டு அறிக்கையில் ஒன்பதாவது பத்தி. எங்கள் ஊரில் உலக்கையைப் பார்த்தே பல காலம் ஆகிறது. அன்று அந்த வீட்டில் பொய் கலக்காமல் இருந்தது அந்தச் சத்தம் ஒன்றுதான். அதைத்தான் நெல் என்று சொன்னோம்.

11. அன்று மாலை வீட்டில் நடந்ததையும் எழுத வேண்டும். மனுவில் இதெல்லாம் எழுதலாமா என்று தெரியவில்லை. எழுதாவிட்டால் இந்த மனு கொடுப்பதற்குக் காரணமே இல்லை. என் மகள் கதவு இடுக்கு வழியாக வளவைப் பார்த்திருக்கிறாள். தன் பள்ளிச் சீருடையைப் போட்டுக்கொண்டு, தன் பெயரைச் சொல்லிக்கொண்டு, வேறொரு பெண் ஆடுவதை முழுவதும் பார்த்திருக்கிறாள். வீட்டுக்கு வந்து அழுவாள், சண்டை போடுவாள் என்று நான் பயந்தேன். அவள் சாப்பிட்டு, தட்டைக் கழுவி வைத்துவிட்டு, "அந்த அக்கா ரொம்ப நல்லா ஆடுனாகம்மா. எம்பேரு அவுகளுக்குத்தான் பொருத்தமா இருக்கு" என்றாள். அதன்பின் மூன்று வாரம் அவள் காலைத் தட்டவே இல்லை. நான் வேண்டுமென்றே இயந்திரத்தை வேகமாக மிதித்துப் பார்த்தேன். ஓரத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். ஊருக்கு முன்னால் மானம் போய்விடும் என்று பயந்து, பெற்ற பிள்ளையைக் கதவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தவள் நான். அந்தச் சத்தம் இல்லாத வீட்டில் எனக்குத் தையல் ஓடவில்லை, ஐயா. இரண்டு ரவிக்கைகளுக்குக் கை மாற்றி வைத்துத் தைத்துவிட்டேன்.

12. பிறகு தங்கள் கடிதங்கள் வந்தன. முதல் கடிதத்தில், கொன்றைவயல் பள்ளியில் உயர்தர நடனக்கூடமும் முறையாகப் பயின்ற மாணவியரும் இருப்பதால் இத்திட்டத்தின் தேவை இல்லை என்றும், ஆசிரியை மஹாலட்சுமி வேறொரு பள்ளிக்கு அனுப்பப்படுகிறார் என்றும் இருந்தது. அந்தப் பள்ளி எங்களுக்கு நான்கு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. அங்கே மதிப்பீட்டின்போது அலுவலரை உட்கார வைத்த நாற்காலியின் கால் உடைந்ததாம். அவர் கேட்ட பிறகுதான் தண்ணீர் கொடுத்தார்களாம். தேவை மிக அதிகம் என்று எழுதிக்கொண்டு போனாராம். அந்தச் சாமர்த்தியம் எங்களுக்கு இல்லாமல் போனதே என்று முதலில் எரிச்சலாகத்தான் இருந்தது. பிறகு யோசித்தால், அந்த ஊரார் ஒரு சாமர்த்தியமும் செய்யவில்லை; உண்மையிலேயே நாற்காலி உடைந்துதான் இருக்கிறது.

13. இரண்டாவது கடிதம் பதிவுத் தபாலில் செல்வி ஆஷ்லின் என்ற பெயருக்கு வந்தது. கொன்றைவயல் மாணவி ஆஷ்லினின் ஆட்டம் மிகச் சிறப்பானது என மதிப்பீட்டு அலுவலர் பரிந்துரைத்திருப்பதால், 13.09.2025 சனிக்கிழமை சிவகங்கையில் நடக்கும் இளம் நடனமணிகள் விழாவில் ஏழு நிமிடம் தனியாக ஆட அழைக்கிறோம் என்று அதில் இருந்தது. தபால்காரர் நல்ல மனதோடு, பெயருக்குரியவளே வாங்கட்டும் என்று அவளிடமே கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்துவிட்டார். அவள் பெயருக்கு வந்த முதல் தபால். மூன்று முறை படித்துவிட்டு, "அம்மா, இவுக கூப்பிடுறது அந்த அக்காவையா, என்னையா?" என்று கேட்டாள்.

14. செய்தி தெரிந்து பெத்தாச்சி அண்ணன் ஓடி வந்தார். "மெர்சி, பெருமைக்குச் செய்யப்போயி பிள்ளைக பொழப்பைக் கெடுத்துட்டேன்மா" என்று கண் கலங்கினார். உண்மையாகவே கலங்கினார். கலங்கிய கையோடு, சிவகங்கைக்கும் சிவரஞ்சனியையே அனுப்பிவிடலாம், அங்கே யாருக்குத் தெரியப்போகிறது என்றார். அந்த மனிதரை என்ன செய்வது என்று தாங்களே சொல்லுங்கள். என் கணவர், பிள்ளைக்கு அம்மை போட்டிருக்கிறது என்று எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். நான் உண்மையை எழுதி அழைப்பை ரத்து செய்யக் கேட்கலாம் என்று தாளை எடுத்தேன். மூன்று பேரும் பேசிக்கொண்டிருக்கும்போது ஆஷ்லின் நடுவில் வந்து நின்றாள். "யாரும் போக வேணாம். கையெழுத்துப் போட்டு வாங்குனது நான்தான். நானே போறேன்" என்றாள். உனக்கு என்ன ஆடத் தெரியும் என்று பெத்தாச்சி அண்ணன் கேட்டார். "ஒண்ணு தெரியும்" என்றாள். ஏழு நிமிடம் இருக்கிறதே என்று கேட்டதற்கு, "ஏழு நிமிசமும் அதையே தட்டுவேன். விடாமத் தட்டச் சொல்லித்தானே அந்த மிஸ்ஸு போனாக" என்றாள். மூன்று வாரம் கழித்து அன்றைக்குத்தான் என் வீட்டில் மறுபடி அந்தச் சத்தம் கேட்டது. நானும் இயந்திரத்தில் உட்கார்ந்து, ஊசிக்கடியில் துணியே வைக்காமல் மிதித்துக்கொண்டிருந்தேன்.

15. ஆகவே, தங்கள் பன்னிரண்டு கேள்விகளில் முக்கியமானவற்றுக்கு உண்மையான பதிலை இப்போது தருகிறேன். ஆடச் சமமான தரை: இல்லை, வேப்பமர வேர் இருக்கிறது. இசைக்கருவி: பள்ளி மணி. நடனம் கற்ற மாணவர்கள்: இல்லை. நடனம் கற்ற ஆசிரியர்கள்: தலைமையாசிரியரைக் கேட்டேன், இல்லை என்று உறுதியாகச் சொன்னார். கற்றுக்கொள்ள விருப்பமுள்ள மாணவர்கள்: முப்பத்தெட்டு. ஆசிரியை தங்க இடம்: இது ஒன்று மட்டும் உண்மையிலேயே இருக்கிறது. பெரிய வீட்டில் ஓர் அறைக்கு வெள்ளையடித்து, புது வாளியும் புதுக் குவளையும் வாங்கி வைத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. வாளியில் ஒட்டியிருக்கும் விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை.

16. எனவே ஐயா அவர்கள் கருணை கூர்ந்து,

அ) எங்கள் பள்ளியை மறுபடி மதிப்பீடு செய்ய வேண்டும். அலுவலர் வரும் நாளை எங்களுக்குத் தயவுசெய்து சொல்ல வேண்டாம். தெரிந்தால் பெத்தாச்சி அண்ணன் முதல் நாளே பணியாரத்துக்கு ஊறப்போட்டுவிடுவார். அவரும் இந்த மனுவில் கையெழுத்திட்டிருக்கிறார். ஆனாலும் அவரை நம்ப முடியாது. என்னையும் நம்ப வேண்டாம்.

ஆ) பக்கத்து ஊரிலிருந்து ஆசிரியையைப் பிடுங்கி எங்களுக்குத் தர வேண்டாம். அந்தப் பிள்ளைகளுக்கும் ஆடத் தெரியாது. எங்கள் பொய்க்கு அவர்கள் ஏன் இழக்க வேண்டும்? காலையில் அங்கும் மதியத்துக்கு மேல் இங்குமாக ஒரே ஆசிரியை இரண்டு பள்ளிக்கும் வர அனுமதித்தால் போதும். போக வர வாகனம் பெத்தாச்சி அண்ணன் பொறுப்பு. வழியில் சாப்பிடச் சொல்லி வற்புறுத்த மாட்டேன் என்று தனியாக எழுதியும் கொடுத்திருக்கிறார்.

இ) அலுவலரை ஏமாற்றியதற்கு நடவடிக்கை உண்டென்றால் அது என் மேல் இருக்கட்டும். சீருடை தைத்த கை என்னுடையது. ஆறு சீருடைகளையும் பிரித்து, எங்கள் பிள்ளைகளின் அளவுக்குக் குறைத்துத் தைத்துவிட்டேன்.

ஈ) என் மகளுக்கு வந்த அழைப்பை ரத்து செய்ய வேண்டாம். நிகழ்ச்சி நிரலில் அவள் பெயருக்கு நேரே மிகச் சிறப்பு என்று இருப்பதை மட்டும் அடித்துவிட்டு, ஒரே ஓர் அடி தெரியும் என்று எழுதச் சொல்லுங்கள். அது அவளே கேட்டுக்கொண்டது.

17. 13.09.2025 அன்று காலை முதல் பேருந்தில் அவளை நானே அழைத்து வருகிறேன். ஏழு நிமிடமும் அவள் அந்த ஓர் அடியைத்தான் தட்டுவாள். சபையில் சிரிப்பவர்கள் சிரிக்கட்டும். அன்று அந்தப் பன்னிரண்டு கேள்வித் தாளைத் தாங்கள் கையில் வைத்திருந்து, அவளைப் பார்த்துக்கொண்டே நிரப்ப வேண்டுகிறேன். கதவுக்குப் பின்னாலிருந்து தங்கள் அலுவலர் கேட்டது நெல் குத்தும் சத்தமா, வேறு ஏதாவதா என்பது அப்போது தங்களுக்கே தெரிந்துவிடும். அன்று மேடையில் நிற்பவள்தான் ஆஷ்லின்.

இடம்: கொன்றைவயல்
நாள்: 18.08.2025

இங்ஙனம்,
இல்லை என்று சொல்லத் தெரியாத ஊரிலிருந்து,
அ. மெர்சி
(ஒப்பம்)

இணைப்பு:
1. தங்கள் அலுவலகக் கடிதங்கள் இரண்டின் நகல்.
2. பெற்றோர் முப்பத்தொரு பேரின் கையெழுத்தும், திரு. பெத்தாச்சியின் கையெழுத்தும்.
3. கணுக்கால் அளவு நூல்கள் முப்பத்தெட்டு, பெயர்ச்சீட்டுடன். சலங்கை செய்யக் கொடுக்கும்போது ஆஷ்லின் நூலை மட்டும் அப்படியே பயன்படுத்த வேண்டாம். நேற்று மறுபடி அவள் காலில் சுற்றிப் பார்த்தேன், இரண்டு முனையும் சேரவில்லை. கால் வளர்ந்துவிட்டதா, தட்டித் தட்டி வீங்கியிருக்கிறதா என்று தெரியவில்லை. எதுவானாலும் ஐயா அவர்கள் சற்று விரைந்து முடிவெடுக்கவும்.